ரெய்கி அமர்வில் வண்ணங்களைச் சேர்க்கலாமா?

கைகளின் வழியே ஆற்றல் பாய்வதாகக் கருதும் ஜப்பானியச் சிகிச்சை முறையான ரெய்கியில் இரண்டாம் நிலை வரை பயின்று, நெருங்கியவர்களுக்குக் கை வைத்துச் சிகிச்சை அளித்துவரும் ஒருவர், தம் அமர்வுகளில் வண்ண சிகிச்சையையும் சேர்க்க விரும்புவதாகக் கூறி நான்கு கேள்விகளை முன்வைத்திருக்கிறார். உடலின் ஆற்றல் மையங்களாகக் கருதப்படும் சக்கரங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் என்று விளக்குகளை மாற்றினால் பலன் இரட்டிப்பாகுமா? உறக்கமின்மைக்கு நீல விளக்கு ஏற்றதா? நிறத்தை மனத்தில் பாவித்தாலே போதுமா, விளக்கு வேண்டுமா? இதில் தீங்கு ஏதும் உண்டா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். சேர்க்கலாம். கவனத்தோடு சேர்த்தால், பெறுபவருக்கு ஓய்வும் மன அமைதியும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் இரண்டு முறைகளின் குணப்படுத்தும் திறனும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருமடங்காகும் என்று நம்புவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. விளக்கிலிருந்து வரும் ஒளியை அளக்கலாம். அதற்கு அலைநீளம் உண்டு, செறிவு உண்டு. ரெய்கி ஆற்றலை அளந்து காட்டிய கருவி இதுவரை இல்லை. அளவுள்ள ஒன்றையும் அளவற்ற ஒன்றையும் கூட்டித் தொகை காண முடியாது. இவ்விரண்டும் உண்மையில் சந்திக்கும் இடம் படுத்திருப்பவரின் கவனம் மட்டுமே என்பது என் கருத்து. ஆகவே நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்குச் சுவரில் தொங்கும் சக்கர அட்டவணையைப் பார்க்க வேண்டியதில்லை. படுத்திருப்பவரைக் கேட்டாலே போதும்.

இதை விளக்க, ஒரு வேறுபாட்டை முதலில் தெளிவாக்க வேண்டும். நிறம் என்று இத்துறையில் பேசும்போது மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. முதலாவது ஒளி, அதாவது வண்ண விளக்கிலிருந்து புறப்பட்டுக் கண்ணிலும் தோலிலும் விழுகிற, ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட கதிர். இரண்டாவது, பரப்பின் நிறம். போர்வை, திரைச்சீலை, உடல்மேல் விரிக்கும் பட்டுத்துணி, சக்கரங்களின்மேல் வைக்கும் கற்கள் ஆகியவற்றின் நிறம். இவை தாமாக ஒளிர்வதில்லை. அறையில் இருக்கும் வெள்ளொளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகின்றன. மூன்றாவது, பாவனையின் நிறம். சிகிச்சை அளிப்பவரோ பெறுபவரோ கண்ணை மூடிக்கொண்டு மனத்தில் காண்பது. முதலாவது உடலியலைச் சார்ந்தது, இரண்டாவது பார்வையையும் பழக்கத்தையும் சார்ந்தது, மூன்றாவது நினைவையும் கவனத்தையும் சார்ந்தது. ஒன்றுக்கு நிரூபிக்கப்பட்ட பலனை மற்றொன்றின் கணக்கில் எழுதுவதுதான் இத்துறையில் காணப்படும் பெரும்பாலான பிழைகளுக்கு வேர்.

சான்றாக, பெறுபவர் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். அவர் மார்பின்மேல் பச்சைத் துணி விரிக்கப்படுகிறது. அத்துணியிலிருந்து திரும்பும் ஒளி அவர் கண்ணுக்குச் செல்வதில்லை. துணியையும் உடையையும் கடந்து தோலைத் தொடும் ஒளி மிக மங்கலானது. பச்சை ஒளி தோலுக்குள் ஆழமாக நுழைவதும் இல்லை. அப்படியிருந்தும் பலர் அத்தருணத்தில் ஒரு தணிவை உணர்கிறார்கள். துணியின் எடை, அதை மெதுவாக விரித்த கைகள், பச்சை நிறம் என்று தெரிந்திருப்பதால் மனத்தில் எழும் காட்சிகள் ஆகியவை சேர்ந்து அந்தத் தணிவைத் தருகின்றன. அது பொய்யான அனுபவம் அன்று. பச்சை அலைநீளத்தின் செயலும் அன்று. விளக்கைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. மூடிய இமை சிவப்பொளியை ஓரளவு உள்ளே விடுகிறது; நீலத்தையும் பச்சையையும் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. கண்ணை மூடியிருப்பவருக்கு நீல விளக்கு ஏற்றி வைப்பதும் மங்கிய விளக்கு ஏற்றி வைப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

உறக்கமின்மை பற்றிய கேள்விக்கு இந்த வேறுபாடு நேரடியாக உதவுகிறது. நீலம் குளிர்ச்சி தரும், அமைதி தரும் என்று ஏறத்தாழ எல்லா வண்ண சிகிச்சைக் கையேடுகளும் சொல்கின்றன. பாவனையிலும் பரப்பிலும் அது பலருக்குப் பொருந்தலாம். ஒளியைப் பொறுத்தவரை நிலைமை நேர் எதிரானது. விழித்திரையில் உருவங்களைக் காண்பதற்கான செல்கள் தவிர, மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட தனிவகை நரம்புச் செல்களும் இருக்கின்றன. இது பகலா இரவா என்பதை மூளைக்கு அறிவிப்பது அவற்றின் வேலை. அவை மிகுதியாகத் தூண்டப்படுவது ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது நீல ஒளியில். மாலைக்குப் பிறகு கண்ணில் விழும் நீல ஒளி, உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பைத் தாழ்த்தி, உறக்கத்தைத் தள்ளிப்போடும். எனவே உறக்கம் வராமல் தவிப்பவருக்கு இரவில் நீல விளக்கின்கீழ் அமர்வு நடத்துவது, நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு. நீலத்தைப் பாவிக்கச் சொல்லுங்கள், நீலப் போர்வை கொடுங்கள்; விளக்கு மட்டும் மங்கலான ஆம்பர் நிறத்திலோ செம்மை கலந்த மஞ்சளிலோ இருக்கட்டும். அட்டவணையின்படி சிவப்பும் ஆரஞ்சும் தூண்டும் நிறங்கள் ஆயிற்றே என்ற ஐயம் எழலாம். இயற்பியலைக் கேட்டால் அதுவும் தலைகீழாகத்தான் இருக்கும். 700 நானோமீட்டர் சிவப்பு ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் ஏறத்தாழ 1.8 எலக்ட்ரான் வோல்ட், 400 நானோமீட்டர் ஊதா ஒளித்துகளின் ஆற்றல் 3.1. நெருப்பையும் குருதியையும் பார்த்துப் பழகிய மனித மனம் சிவப்பை ஆற்றல் மிக்கதாக வைத்திருக்கிறது. அது குறியீட்டு உலகின் உண்மை. அதை விளக்கின் உலகுக்குள் கொண்டுவரக் கூடாது.

இனி, சக்கரமும் நிறமும். மூலாதாரத்துக்குச் சிவப்பு, சுவாதிட்டானத்துக்கு ஆரஞ்சு, மணிபூரகத்துக்கு மஞ்சள், அநாகதத்துக்குப் பச்சை, விசுத்திக்கு நீலம், ஆக்ஞைக்குக் கருநீலம், சகஸ்ராரத்துக்கு ஊதா என்ற வானவில் வரிசையைப் பலரும் தொன்மையான யோக மரபின் பகுதி என்று எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. 1577இல் பூர்ணானந்தர் இயற்றிய சட்சக்கர நிரூபணம்தான், ஜான் உட்ராஃபின் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக, சக்கரங்களைப் பற்றிய இக்காலப் புரிதலுக்கு முதன்மை ஊற்றாக அமைந்த நூல். அதில் மூலாதாரத்தின் இதழ்கள் செந்நிறம். ஆனால் நடுவில் இருக்கும் நிலத்தின் சதுரம் மஞ்சள். மணிபூரகத்தின் இதழ்கள் கார்மேக நிறம். நடுவில் இருக்கும் நெருப்பின் முக்கோணம் சிவப்பு. அநாகதத்தின் இதழ்கள் செம்மலரின் நிறம். உள்ளே காற்றின் அறுகோணம் புகை நிறம். ஆக்ஞை வெண்ணிலவின் நிறம். இதயத்தில் பச்சைக்கு இடமே இல்லை. அந்நூலில் நிறங்கள் ஐம்பூதங்களையும் தெய்வ வடிவங்களையும் தியானிப்பதற்கான அடையாளங்களாக வருகின்றன. நோய் தீர்க்கும் அளவுகளாக வருவதில்லை.

வானவில் வரிசை இருபதாம் நூற்றாண்டில் மேற்கத்திய எழுத்தாளர்களின் கையில் படிப்படியாக உருவாகி, 1970களுக்குப் பிறகு உலகம் முழுவதும் பரவியது. ஏழு சக்கரம், ஏழு நிறம் என்ற பொருத்தம் இயற்கையே வகுத்தது போலத் தோன்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறமாலையில் ஏழு நிறங்கள் என்ற கணக்கு நியூட்டனுடையது. அவர் முதலில் ஐந்து முதன்மை நிறங்களையே கூறினார். பிறகு இசையின் ஏழு சுரங்களோடு பொருத்தம் காண விரும்பி ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்தார். நிறமாலை உண்மையில் இடைவெளியற்ற தொடர்ச்சி. அதை எத்தனையாகப் பிரிப்பது என்பது பிரிப்பவரின் விருப்பம். ஆகவே அட்டவணையைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உடலின் அடியிலிருந்து உச்சி வரை கவனத்தை ஒழுங்காக நகர்த்திச் செல்ல அது நல்ல ஏணி. இதயத்துக்குப் பச்சை தராமல் இளஞ்சிவப்பு தந்தால் ஏதோ கெட்டுவிடும் என்று அஞ்சுவதற்கு மட்டும் இடமில்லை.

வண்ண சிகிச்சையின் வரலாறும் இத்தகைய எச்சரிக்கையைத் தருகிறது. 1876இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த அகஸ்டஸ் பிளெசன்டன் நீலக் கண்ணாடி வழியே வரும் சூரிய ஒளி திராட்சையையும் கால்நடைகளையும் செழிக்கச் செய்வதாக நூல் எழுதினார். சில மாதங்களுக்கு நீலக் கண்ணாடி மோகம் நாட்டையே பிடித்து ஆட்டியது. 1878இல் எட்வின் பாபிட், சிவப்பு தூண்டும், நீலம் தணிக்கும் என்ற கருத்தை விரிவான கோட்பாடாக்கினார். அடுத்து வந்தவர்தான் முக்கியமானவர். 1873இல் மும்பையில் பார்சி குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தின்ஷா கதியாலி, 1920இல் ஸ்பெக்ட்ரோ-குரோம் என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். ஒரு பெட்டிக்குள் விளக்கு, அதன்முன் வண்ணக் கண்ணாடித் தகடுகள், பன்னிரண்டு நிறங்கள், எந்த நோய்க்கு எந்த நிறம் என்ற நீண்ட பட்டியல். ஆற்றல் சிகிச்சையாளர்கள் இன்று பயன்படுத்தும் நிறப் பரிந்துரைகளில் பல, பெயர் தெரியாமலே அவரிடமிருந்து வந்தவை. நீரிழிவு நோயாளிகள் இன்சுலினைக் கைவிடலாம் என்ற அளவுக்கு அவர் முறை சென்றது. 1947இல் அமெரிக்க நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்து 20,000 டாலர் அபராதம் விதித்தது. நிறத்தின்மேல் வைத்த நம்பிக்கை அவருடைய வீழ்ச்சிக்குக் காரணம் இல்லை. நோய் தீர்க்கும் என்ற பொய்யான கூற்றுகளோடு கருவியை விற்ற இடத்தில்தான் அது குற்றமாயிற்று.

ஆற்றல் சிகிச்சையிலும் எல்லா மரபுகளும் நிறத்தை ஒரே விதமாக அணுகுவதில்லை. உங்களுடைய கேள்விக்கு இது மிகவும் முக்கியமானது. மிகாவோ உசுயி 1922இல் ஜப்பானில் தொடங்கி, பிறகு சுஜிரோ ஹயாஷி, ஹவாயோ தகாதா ஆகியோர் வழியாக உலகுக்கு வந்த ரெய்கியில் நிறத்துக்குத் தனி இடம் இல்லை. அளிப்பவர் ஆற்றலைச் செலுத்துவதோ திசைதிருப்புவதோ இல்லை, தேவையான இடத்துக்கு அது தானே செல்லும் என்பது அம்மரபின் அடிப்படைக் கொள்கை. சோ கோக் சூயி 1987இல் பிலிப்பைன்ஸில் வெளியிட்ட நூலின் மூலம் பரவிய பிராணிக் ஹீலிங்கோ இதற்கு நேர்மாறானது. அதில் முதலில் கையால் உடலைச் சுற்றியுள்ள ஆற்றலை ஆராய்ந்து, பிறகு தூய்மைப்படுத்தி, அதன் பிறகே ஆற்றல் ஏற்றுவார்கள். உயர்நிலைப் பயிற்சியில் வண்ணப் பிராணன்கள் வருகின்றன: சிவப்பு ஊக்குவது, நீலம் தணிப்பது, பச்சை கரைத்துத் தூய்மைப்படுத்துவது, ஆரஞ்சு வெளியேற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. நிறத்தை அடர்த்தியாகப் பாவிக்காமல் வெண்மை கலந்து வெளிறிய நிறமாகப் பாவிக்க வேண்டும், தலை போன்ற மென்மையான பகுதிகளில் ஆரஞ்சைத் தவிர்க்க வேண்டும் என்பன போன்ற விதிகளும் உண்டு.

ஆக, நீங்கள் ரெய்கி அமர்வின் நடுவே பெறுபவரின் கல்லீரலுக்குப் பச்சை அனுப்புவதாகப் பாவித்தால், ஒரு மரபின் விதியை மற்றொரு மரபின் விதியால் உடைக்கிறீர்கள். ஒன்று, செலுத்தாதே என்கிறது. மற்றொன்று, இன்ன நிறத்தை இன்ன அளவில் செலுத்து என்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும் மனம் இரண்டிலும் முழுமையாக இருக்காது. இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்றுண்டு. அளிப்பவராகிய நீங்கள் ரெய்கியை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். நிறத்தைப் பெறுபவரின் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள். அவர் மூச்சோடு தாம் விரும்பிய நிறத்தைப் பாவிக்கட்டும், உங்கள் கைகள் தம் வேலையைச் செய்யட்டும். இம்முறையில் மரபுகளுக்கிடையே முரண்பாடு எழுவதில்லை. பெறுபவரும் வெறுமனே கிடக்காமல் பங்கேற்கிறார். நிறத்தை நீங்களே செலுத்த வேண்டும் என்று விரும்பினால், பிராணிக் ஹீலிங்கை முறையாகக் கற்று, அந்த அமர்வை அந்தப் பெயரிலேயே நடத்துவது நேர்மையானது. தொலைவிலிருந்து அனுப்பும் சிகிச்சைக்கும் இதுவே பொருந்தும்; அங்கே விளக்குக்கு வேலை இல்லை, பெறுபவர் அந்நேரத்தில் அமைதியாகப் படுத்துத் தம் நிறத்தைப் பாவிப்பதற்கு வேலை உண்டு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கைகளால் மனித ஆற்றல் புலத்தை உணர முடியும் என்ற கூற்றை எமிலி ரோசா என்ற சிறுமி பள்ளி அறிவியல் திட்டமாகச் சோதித்தார். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளியானது. அப்படி உணர்வதாகக் கூறிய 21 சிகிச்சையாளர்கள் ஒரு திரைக்குப் பின்னால் கைகளை நீட்ட, அவற்றில் எந்தக் கைக்கு மேல் சிறுமியின் கை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 280 முயற்சிகளில் அவர்கள் சரியாகச் சொன்னது 44 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வரும். 2008இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஃபைப்ரோமயால்ஜியா என்ற பரவலான தசைவலி கொண்ட 100 பேரில் ஒரு பகுதியினருக்கு ரெய்கி ஆசான்களும், மற்றவர்களுக்கு ரெய்கி அறியாத நடிகர்களும் சிகிச்சை அளித்தார்கள். வலியில் வேறுபாடு காணப்படவில்லை. மனப்பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் ரெய்கி உதவுகிறதா என்று 2015இல் ஆராய்ந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, முடிவு கூறப் போதிய சான்று இல்லை என்றது. ஓய்வுணர்வு கூடியதாகக் காட்டும் சிறிய ஆய்வுகள் பல உண்டு. அமைதியான அறையில் ஒரு மணிநேரம் அக்கறையோடு ஒருவர் கை வைத்திருந்தால் ஓய்வுணர்வு வருவதில் வியப்பில்லை, அதை நான் சிறிய பயனாகக் கருதவும் இல்லை.

ஒளியின் பக்கம் நிலைமை வேறு. ஒளியால் நோய் தீரும் என்பது ஐயத்துக்கு இடமற்ற மருத்துவ உண்மை. தோல் காசநோய்க்குச் செறிவூட்டிய ஒளியைப் பயன்படுத்திய நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறந்த குழந்தைகளின் மஞ்சள் காமாலைக்கு 460 முதல் 490 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளி இன்றும் அன்றாட மருத்துவம். அந்த ஒளி தோலில் உள்ள, காமாலையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிரூபின் மூலக்கூறின் வடிவத்தை மாற்ற, அது கல்லீரலின் உதவி அதிகம் இல்லாமலே உடலிலிருந்து வெளியேறுகிறது. பருவகால மனச்சோர்வுக்குக் காலையில் 10,000 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) வெள்ளொளி அரைமணி நேரம் என்பதும் நிலைபெற்ற முறை. ஆனால் இவை ஒவ்வொன்றிலும் எந்த அலைநீளம், எவ்வளவு செறிவு, எவ்வளவு நேரம், எந்த மூலக்கூறு அல்லது செல் அதை ஏற்கிறது என்பது தெரியும். மருத்துவமனையில் நீல ஒளி காமாலையைத் தீர்க்கிறது என்பதால் நம் அறையில் உள்ள நீல விளக்கு தொண்டைச் சக்கரத்தைத் திறக்கும் என்று வாதிடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். அங்கே செயல்படுவது முதல்வகை நிறம். இங்கே பேசப்படுவது மூன்றாம் வகை.

நிறம் எதிர்பார்ப்பின் வழியே செயல்படுகிறது என்பதற்கும் சான்றுகள் உண்டு. மாத்திரைகளின் நிறம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியான கட்டுரை ஒன்று, சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு மாத்திரைகளை மக்கள் ஊக்கம் தருவனவாகவும், நீல, பச்சை மாத்திரைகளைத் தணிப்பனவாகவும் உணர்கிறார்கள் என்று காட்டியது. இதிலும் வரம்பு உண்டு. 1979இல் அலெக்சாண்டர் ஷாஸ் பரிந்துரைத்த ஒருவகை இளஞ்சிவப்பு, சிறைக் கைதிகளின் மூர்க்கத்தைத் தணிப்பதாகப் பெரும் புகழ் பெற்றுப் பல நாடுகளின் சிறைச் சுவர்களில் ஏறியது; 2015இல் சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் கட்டுப்பாட்டோடு சோதித்தபோது அப்படிப்பட்ட விளைவு காணப்படவில்லை.

ஆரா, அதாவது உடலைச் சுற்றி இருப்பதாகக் கூறப்படும் ஒளிவட்டம், அதைக் காட்டுவதாகச் சொல்லும் புகைப்படத்தைப் பற்றியும் ஒரு சொல். உங்களிடம் எந்த நிறம் குறைவு என்று காட்டும் கேமராக்கள் கையின் கீழ் வைத்த தகட்டின் மூலம் தோலின் மின்கடத்தும் தன்மை போன்றவற்றை அளந்து, அந்த எண்களுக்கு ஏற்ப முகத்தைச் சுற்றி வண்ணத்தைப் பூசுகின்றன. உள்ளங்கை வியர்த்தால் நிறம் மாறும். நிறத்தைத் தேர்வதற்கு இதை நம்ப வேண்டாம்.

இனி நடைமுறை. அமர்வுக்கு முன், விளக்கு எதையும் ஏற்றாமல் உட்கார்ந்து பேசுங்கள். எந்த நிறத்தைப் பார்த்தால் மனம் தளர்ந்து அமைகிறது, எந்த நிறம் பிடிக்காது என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி முதலாவதைவிடப் பயனுள்ளது. துயரமான ஓர் இழப்போடு ஒரு நிறம் பிணைந்திருக்கலாம். அட்டவணைக்கு அது தெரியாது. ஓர் அமர்வுக்கு ஒரு நிறம் போதும். ஏழு நிறங்களையும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றினால், பெறுபவர் அடுத்த நிறம் எப்போது வரும் என்று காத்திருப்பாரே தவிர ஓய்வெடுக்க மாட்டார். மேலும் ஒரே நிற ஒளியில் சில நிமிடங்கள் இருந்தால் கண் அதற்குப் பழகி நிறம் வெளிறிவிடும். உடனே வேறு ஒளிக்கு மாறினால் எதிர்நிறச் சாயல் தோன்றும். பச்சைக்குப் பின் எல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரிவதை ஆற்றல் மாற்றம் என்று விளக்கியவர்களும் உண்டு. அது விழித்திரையின் இயல்பு.

விளக்கு நேராக முகத்தில் விழக் கூடாது. தலைமாட்டுக்குப் பின்னே சுவரில் பட்டுத் திரும்பும்படி மங்கலாக வையுங்கள். மலிவான வண்ண எல்இடி விளக்குகள் பல, ஒளியைக் குறைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகின்றன. கைபேசிக் கேமராவை விளக்கை நோக்கிப் பிடித்தால் திரையில் பட்டைகள் ஓடுவதைப் பார்க்கலாம். அத்தகைய விளக்கைத் தவிர்த்துவிடுங்கள். வண்ண விளக்கு எரிந்தாலும் சிறிய வெள்ளை விளக்கு ஒன்று உங்கள் பக்கம் இருக்க வேண்டும். நீல அல்லது பச்சை ஒளியில் ஒருவர் முகம் வெளிறுகிறதா, உதடு நீலம் பாய்கிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. கை வைக்கும் நிலைகளையும் நேரத்தையும் நீங்கள் கற்றபடியே தொடருங்கள். நிறத்துக்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. தொடுவதற்கு முன் எந்த இடங்களில் கை வைப்பீர்கள் என்று சொல்லி ஒப்புதல் பெறுவதும், விரும்பாதவர்களுக்குக் கையைச் சற்று உயர்த்தியே வைப்பதும் வழக்கமான ஒழுங்கு.

பாவனைக்கு வழிகாட்டும்போது குறைவாகப் பேசுங்கள். மூச்சை இழுக்கையில் அந்த நிறம் நெஞ்சுக்குள் பரவுவதாக நினைக்கலாம், நிறம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒருமுறை சொன்னால் போதும். மனத்தில் காட்சிகளையே காண இயலாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்தினால் தமக்கு ஏதோ குறை என்று எண்ணிக் கலங்குவார்கள். அவர்களுக்கு நிறத்துக்குப் பதில் வெதுவெதுப்பு, கனம், குளிர்ச்சி போன்ற உடல் உணர்வுகள் பொருந்தும். அமர்வு முடிந்ததும் பச்சை குறைவு, இதயச் சக்கரம் அடைபட்டிருக்கிறது என்பன போன்ற தீர்ப்புகளைத் தயவுசெய்து வழங்காதீர்கள். நெஞ்சுவலியோடு வந்த ஒருவர் அதைக் கேட்டு, மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட்டு, இன்னும் நான்கு அமர்வுகளுக்கு உங்களிடமே வரக்கூடும்.

தீங்குகளைப் பொறுத்தவரை, மங்கலான, அசையாத ஒளியால் பெரும்பாலோருக்குக் கேடு இல்லை. விட்டுவிட்டு மின்னும் ஒளி வேறு. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மின்னிய காட்சியால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். வலிப்பு வந்தவர்களுக்கும் அக்குடும்பத்தினருக்கும் மின்னும் வண்ண விளக்குகளை அறவே தவிர்க்க வேண்டும். இருமுனை மனநலக் கோளாறு உள்ளவர்களுக்குப் பிரகாசமான ஒளி மிகையெழுச்சியைத் தூண்டக்கூடும். மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஒளியே வேதனை. அவர்களை இருட்டில் வைத்துக் கை வைப்பதே நல்லது. விழித்திரை நோய் உள்ளவர்களுக்கும் ஒளிக்கூச்சம் தரும் மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் வலிமையான விளக்குகள் வேண்டாம். வண்ணப் புட்டியில் நீரை வெயிலில் வைத்து அருந்தக் கொடுக்கும் பழக்கமும் உங்கள் துறையில் உண்டு. சூரிய ஒளியால் நீரின் கிருமிகள் அழிவது உண்மைதான். ஆனால் அதற்குத் தெளிந்த நிறமற்ற புட்டியும் ஏறத்தாழ ஆறு மணிநேர முழு வெயிலும் வேண்டும். வண்ணப் புட்டி தேவையான புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுவதால், அசுத்தமான நீர் வெதுவெதுப்பான அசுத்த நீராகவே இருக்கும். கொடுத்தே தீர வேண்டுமென்றால் கொதிக்க வைத்து ஆற்றிய நீரைப் பயன்படுத்துங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், நீங்கள் பாவிக்கும் நிறம் பெறுபவரைச் சென்றடைகிறதா என்ற கேள்வி உங்கள் மனத்தில் எஞ்சியிருக்கலாம். அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இதற்கு உடன்படுகிறவர்கள் சிலரும் பொறுமையும் இருந்தால் போதும். அமர்வுக்கு முன் சிவப்பு, நீலம், எதுவுமில்லை என்று எழுதிய மூன்று சீட்டுகளில் ஒன்றை நீங்கள் தனியே எடுங்கள். வண்ண விளக்கும் துணியும் வேண்டாம். அதில் உள்ளபடி பாவித்தோ பாவிக்காமலோ, முகத்தை அவர் காணாதபடி நின்று, வழக்கம்போல் அமர்வை நடத்துங்கள். முடிந்ததும் அவர் தம் தளர்வுக்குப் பத்தில் ஒரு மதிப்பெண் இட்டு, மனத்தில் தோன்றிய நிறம் ஏதும் இருந்தால் அதையும் எழுதட்டும். வேறு சில அமர்வுகளில் அவரே தேர்ந்தெடுத்த நிறத்தை அவரே பாவிக்கும்படி விட்டு, அவற்றுக்கும் அதேபோல் மதிப்பெண் பெறுங்கள். போதுமான அமர்வுகள் சேர்ந்த பிறகு இவ்விரு தொகுப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சீட்டை எடுத்தவுடன் தேதியோடு குறித்து உறையிலிட்டு ஒட்டிவிட வேண்டும். அவர் எழுதியதைப் பார்த்த பிறகு நீங்கள் எழுதினால் அந்தக் குறிப்பால் பயனில்லை.